இங்கிலீஷ் வாய்

வாஷ்பேசினுக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடி முன்னால் நின்று என் மகள் நித்யா உதட்டைக் குவித்துக்கொண்டிருந்தாள். குவிப்பாள், விடுவாள், மறுபடி குவிப்பாள். சத்தம் வரவில்லை. கண்ணாடியில் அவள் மூச்சு வட்டமாக வெளுத்து, மெல்ல மறைந்தது.

திருநகரில் எங்கள் வீடு சின்னது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால் வாஷ்பேசின் நேரே தெரியும். என் மனைவி கோமதி கீரை ஆய்ந்துகொண்டே இதைப் பார்த்தாள்.

"ஏங்க, இங்க பாருங்க. கண்ணாடிக்கு முத்தம் குடுக்குறா."

கோமதிக்குக் காது கேட்காது. ரகசியம் என்று நினைத்து அவள் சொல்வது தெருவுக்கே கேட்கும். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

நித்யா வந்து அம்மாவின் முகத்துக்கு நேராக நின்றாள். "முத்தம் இல்லம்மா. இங்கிலீஷ்."

"அதுக்கு எதுக்குடி மூஞ்சிய இப்படிக் கோணுற?"

"கோணுனாத்தான் மார்க்காம்."

கோமதி அன்று சிரித்த சிரிப்பு நன்றாக நினைவிருக்கிறது. நாங்கள் மூவருமே சிரித்தோம். அந்தக் கண்ணாடிப் பயிற்சி எங்கள் வீட்டிலிருந்து எதை எடுத்துக்கொண்டு போகப்போகிறது என்று மூவருக்கும் தெரியாது.

உதடு அசையாத நர்ஸ்கள்

நித்யா அப்போது மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வில் படிப்பது, எழுதுவது, கேட்பது எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். பேச்சில் மட்டும் போய்விட்டது. மறுபடி எழுதினாள். மறுபடியும் பேச்சில்தான் போயிற்று.

கூட வேலைபார்த்தவர்கள் பிரபு சாரிடம் அனுப்பினார்கள். திருவாதவூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. சென்னையில் ராத்திரி ஷிப்டில் வெள்ளைக்காரர்களிடம் போனில் பேசிப் பேசி ஆங்கிலம் பழகியவர். ஊர் திரும்பி, பைபாஸ் ரோட்டில் ஒரு பேக்கரியின் மாடியில் பயிற்சி வகுப்பு வைத்திருந்தார். வகுப்பில் இருந்த நர்ஸ்கள் எல்லாரும் அவரைவிட மூத்தவர்கள். அவர்கள் அவரை 'சார்' என்பார்கள். அவர் அவர்களை 'அக்கா' என்பார்.

ஒருநாள் நித்யாவைக் கொண்டுபோய் விட்டவன், மழை பிடித்துக்கொண்டதால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, நீங்க பேசுறது எனக்குப் புரியுது. ஏன்னா நானும் மதுரைக்காரன். ஆனா மார்க் போடுறவன் மதுரைக்காரன் இல்ல. ஒங்க உதடு அசையவே மாட்டேங்குது. ஆர் சொல்றப்ப ஸ்ட்ரா வச்சு எளநி குடிக்கிற மாதிரி வைங்க. ஷ், ச், எல்லாத்துக்கும் உதடு முன்னால வரணும். வி-ன்னா கீழ் உதட்டக் கடிங்க. டபிள்யூ-ன்னா குவிங்க."

"சார், குவிச்சுக் குவிச்சு வீட்ல எல்லாரும் ஒரு மாதிரியாப் பாக்குறாக" என்றார் முன் வரிசை அக்கா ஒருவர்.

"பாஸாயிட்டா எந்திரிச்சு நின்னு பாப்பாங்கக்கா. இப்ப சொல்லுங்க. ரெட். ரோஸ். ஷூ."

அறை முழுக்க உதடுகள் குவிந்தன. பத்திரிகையில் பிரதி திருத்தும் வேலை பார்த்த எனக்குக் கண் சும்மா இருக்காது. கவனித்தேன். பிரபு சொன்னது சரி. ஆங்கிலத்தில் பாதி ஒலிகள் உதட்டை முன்னால் தள்ளிக்கொண்டு வருகின்றன. நம் ஊரில் சண்டையில்கூட நாம் உதட்டை அவ்வளவு செலவழிப்பதில்லை. பள்ளிக்கூட இலக்கணத்தில் உ, ஊ, ஒ, ஓ என்றால் இதழ் குவியும் என்று படித்திருக்கிறோம். ஆனால் காத்து, வீடு, சோறு என்று சொல்லிப் பாருங்கள். கடைசி உகரத்துக்கு உதடு குவியாது. அது வாய்க்குள்ளேயே முடிந்துவிடும்.

அடுத்த தேர்வில் நித்யா பேச்சிலும் தேறினாள். பிரபுவைக் குறை சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. கேட்டதைக் கொடுத்தார்.

மீசை எங்கே?

இந்தத் தொடரோடு வரும் என் படத்தைப் பார்த்துவிட்டு வாசகர் ஒருவர், 'மதுரைக்காரர் என்கிறீர்கள், மீசையைக் காணோமே' என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பதில் இந்த வாரம்தான் பொருந்துகிறது.

நித்யா தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்த நேரத்தில் கோமதிக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியபோது இரண்டு காதும் போயிருந்தன. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, "எல்லாரும் ஏன் வாய வாய அசைக்கிறீக?" என்று அவள் கேட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. தானாகவே உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். பேரையூர்க்காரி, பிடிவாதம் அந்தக் கரிசல் மண்ணோடு வந்தது. பால்காரர், அக்கம்பக்கத்தார், தங்கச்சிமார் என்று ஒவ்வொரு வாயாகப் பழகினாள். என் வாய் மட்டும் வசப்படவில்லை.

"மீசைக்குள்ள பேசுறீக" என்றாள் ஒருநாள்.

மறுநாள் காலை எடுத்துவிட்டேன். டீக்கடையில் என் மைத்துனன் முறையுள்ள ஒருவர் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தேவிட்டார்.

"என்ன மாப்ள, யாரும் செத்துட்டாகளா?"

"இல்ல மச்சான். ஒங்க தங்கச்சிக்கு நான் பேசுறது தெரியலையாம்."

"நீ என்னைக்கு வீட்ல பேசிருக்க? எடுத்தது வீண்டா" என்றார். கடையே சிரித்தது. ஆனால் அதற்கப்புறம் அவர் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வெற்றிலையை வாசலில் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். கோமதிக்கு நேரே நின்று பேசுவார்.

எங்கள் வீட்டுக்கென்று சில பழக்கங்கள் வந்துவிட்டன. முதுகைக் காட்டிக்கொண்டு யாரும் பேச மாட்டோம். மென்றுகொண்டே பேச மாட்டோம். பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி டியூப்லைட்டை மாற்றி மாட்டினோம். நித்யா அந்த வெளிச்சத்தில்தான் பேசக் கற்றாள். இரண்டு கையாலும் அம்மாவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, அப்புறம்தான் "பசிக்குது" என்பாள். உலகத்தில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் பேசும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கோமதி படித்த உதடுகளிலேயே அவளுக்கு மிகச் சுலபமானது நித்யாவின் உதடு. குழந்தை வாய் மூடிப் புலம்பினால்கூட ஓரத்தில் ஒரு அசைவை வைத்துக் கண்டுபிடிப்பாள். ஒருமுறை எப்படி என்று கேட்டேன்.

"எப்படின்னா? நீங்க பேப்பர் படிக்கிறப்ப எழுத்தக் கூட்டிக் கூட்டியா படிக்கிறீக?" என்றாள்.

காற்றுக்கு ஒரு சொல்

நித்யாவுக்கு ஸ்காட்லாந்தின் மேற்கே ஒரு தீவில், முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளையும் அங்கேயே ஒரு வேலை தேடிக்கொண்டார்.

தீவில் ஆங்கிலத்துக்கு முன்னாலிருந்தே ஒரு மொழி உண்டு. தமிழ்ப் பத்திரிகைகள் அதைக் 'கேலிக்' என்று எழுதும். நானும் அப்படித்தான் திருத்தியிருப்பேன். "காலிக்னு சொல்லணும்ப்பா, நீங்க சொன்னா கிண்டல் பண்ற மாதிரி இருக்கு" என்றாள் நித்யா. நினைவு தடுமாறிய பெரியவர்களுக்கு, பிற்பாடு படித்த ஆங்கிலம் முதலில் கழன்றுபோகுமாம். சின்ன வயதில் பேசிய மொழி கடைசிவரை நிற்குமாம். அதனால் இவளும் நாலு வார்த்தை கற்றுக்கொண்டாள்.

ஒரு நாள் போனில் உற்சாகமாகச் சொன்னாள்.

"அப்பா, காத்துக்கு ஒரு வார்த்த வச்சிருக்காங்க. 'கூ'ன்னு சொல்ற மாதிரி நாக்க வச்சுக்கிட்டு, உதட்டக் குவிக்காம விடணும். இங்கிலாந்துலருந்து வந்த நர்ஸுங்களுக்கு வரவே மாட்டேங்குது. எனக்கு மொதத் தடவையே வந்துருச்சு. நம்ம 'காத்து'ல கடைசில வருதுல்ல, அந்தச் சத்தத்தக் கொஞ்சம் நீட்டுனா அதான்."

"பெரியவங்க என்ன சொன்னாங்க?"

"ஒரு பாட்டியம்மா என் கன்னத்தத் தட்டிட்டு, 'இவளுக்கு இங்கிலீஷ் வாய் இல்ல'ன்னாங்க. அங்க அது பெரிய பாராட்டுப்பா. ஷ், ஆர் எதுக்குமே அவங்க நம்மள மாதிரிதான், உதட்ட வெளிய தள்ளுறதில்ல."

நான் இதைக் கோமதிக்குச் சொன்னேன். மகளே நேராகச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். அதுதான் விஷயம். வீடியோவில் மகள் பேசுவது கோமதிக்குப் பிடிபடவில்லை. முதலில் நெட்வொர்க் சரியில்லை என்றோம். அப்புறம் போன் சின்னது என்று பெரிய டேப்லெட் வாங்கினோம். நித்யா விளக்குக்கு நேரே உட்கார்ந்தாள். கோமதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். இரண்டு வாக்கியத்துக்குள் அவள் பார்வை மகளை விட்டு என் பக்கம் திரும்பிவிடும். என் உதட்டுக்கு.

"நேர்ல வரட்டும். நேர்ல வந்தா சரியாப்போகும்" என்பாள்.

மேஜையின் நடுவில் நான்

நித்யா நேரில் வந்தபோது அவளுக்கு ஐந்தாம் மாதம்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவளுக்கு அவ்வளவு விடுப்பு இல்லை. கடைசி மாதங்களில் விமானத்தில் ஏறவும் முடியாது. அதனால் தாய் வீட்டையே அங்கே கூட்டிக்கொண்டு போக வந்திருந்தாள். பிரசவ அறையில் அம்மா தன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அது ஒன்றுதான் அவள் கேட்டது.

கோமதிக்கும் ஆசை இருந்தது. கம்பளிச் சட்டை தேடிக் கடைவீதியில் அலைந்தாள். மாசி வீதிக் கடைக்காரர், "ஆத்தா, மதுரைல இதக் கேட்ட மொத ஆளு நீங்கதான்" என்றாராம். பிரசவ மருந்துக்குச் சுக்கும் திப்பிலியும் இடித்தாள்.

ஆனால் சாப்பாட்டு மேஜையில் நடந்தது வேறு.

"நாளைக்கு வாரேம்மா" என்று ஒரு தோழி வீட்டுக்குக் கிளம்பும்போது நித்யா சொன்னாள். அந்தச் சாதாரணச் சொல்லுக்கு அவள் கீழ் உதட்டைப் பல் தொட்டது. ரகரத்துக்கு உதடு இரண்டும் குவிந்து முன்னால் வந்தன. தெரிந்த தெருவில் தெரியாத வீட்டைப் பார்க்கிற மாதிரி கோமதி பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் திரும்பச் சொன்னேன்.

அன்றிலிருந்து நான் நடுவில் உட்கார்ந்தேன். மகள் தமிழில் சொல்வாள். நான் அதே தமிழில் திரும்பச் சொல்வேன். அம்மாவுக்கும் பெண்ணுக்கும், ஒரே மொழிக்கு மொழிபெயர்ப்பாளன்.

நித்யா பொறுமையாக இருந்தாள். அதுவே வினையாயிற்று. அம்மாவுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் இன்னும் தெளிவாகப் பேச முயன்றாள். தெளிவு என்றால் அவளுக்குக் கண்ணாடி முன்னால் கற்ற தெளிவுதான். எல்லா எழுத்துக்கும் உதட்டைக் கொடுத்தாள். வீடு, சோறு என்று குவியக் கூடாத உகரமெல்லாம் குவிந்தது. எங்கே குவிகிறது, எங்கே குவியவில்லை என்பதை வைத்துத்தான் கோமதி படிப்பாள். எல்லாம் குவிந்தால் அவளுக்கு ஒன்றும் மிச்சமில்லை.

ஒருநாள் நித்யா போனை மேஜையில் நிறுத்தி, பேசினால் எழுத்தாக வரும் ஒரு செயலியைக் காட்டினாள். தமிழ் எழுத்துகள் வரிசையாக ஓடின. தப்பு அதிகமில்லை.

கோமதி ஒரு நிமிஷம் படித்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"போனப் பாக்கவாடி ஒன்னயப் பெத்தேன்? ஒன் மூஞ்சியப் பாத்துப் பேசணும் எனக்கு."

"நான் ஒன் மூஞ்சியப் பாத்துத்தானம்மா பேசுறேன்!"

நித்யா கத்திச் சொன்னாள். கத்தியதில் வாய் இன்னும் பெரிதாக விரிந்தது. கோமதி என் பக்கம் திரும்பினாள். நான் அதையும் சொன்னேன்.

மதியத்தில் வந்த அழைப்பு

கிளம்புவதற்கு முந்தைய நாள் மதியம், தீவிலிருந்து நித்யாவுடன் வேலைபார்க்கும் பெண் வீடியோவில் அழைத்தாள். கன்னத்தைத் தட்டிய அந்தப் பாட்டியம்மா சாப்பிட மாட்டேன் என்கிறாராம். நித்யா சொன்னால் கேட்பார்.

நித்யா கூடத்துச் சோபாவில் காலை மடித்து உட்கார்ந்து, போனைப் பார்த்துக் காலிக்கில் பேசினாள். சின்னச் சின்ன வாக்கியங்கள். நடுவில் சிரித்தாள்.

அடுப்படியிலிருந்து மோர்ச் சட்டியோடு வந்த கோமதி நின்றுவிட்டாள். சட்டியை என் கையில் கொடுத்தாள். மகளிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏங்க. இவ பேசுறா பாருங்க."

"அது வேற பாஷை. ஒனக்குப் புரியாது" என்றேன். அவள் என்னைப் பார்க்காததால் நான் சொன்னது போய்ச் சேரவில்லை.

நானும் அப்போதுதான் கவனித்தேன். உதடு அடக்கமாக இருந்தது. முன்னால் வரவில்லை. ஓரத்தில் லேசான அசைவு. அம்மாவின் தாடையைத் திருப்பிப் பசிக்குது என்று சொன்ன வாய்.

நித்யா போனை வைத்ததும் கோமதி கேட்டாள். "என்ன சொன்ன அந்தம்மாகிட்ட?"

"கொஞ்சம் சாப்பிடுங்க, நான் சீக்கிரம் வந்துருவேன்னு."

நான் திரும்பச் சொன்னேன். கோமதி மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத எங்கிட்டச் சொல்லு. அதே வாயோட."

நித்யாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது. அம்மாவை நேராகப் பார்த்தாள். "கொஞ்சம் சாப்பிடுங்க" என்று ஆரம்பித்தாள். உதடு தானாக முன்னால் வந்தது. நிறுத்தினாள். மறுபடி சொன்னாள். மறுபடியும் வந்தது. விரலால் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"ஒனக்குப் புரியணும்னு நெனச்ச ஒடனே அது வந்துருதும்மா. நான் என்ன செய்ய?"

இதை நான் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

கோமதி மகளின் முந்தானையைச் சரிசெய்துவிட்டாள். வழக்கமான சத்தத்தில் சொன்னாள். "நான் வரலடி."

"அம்மா!"

"பெறகு? வலி எடுத்து நீ துடிக்கிறப்ப, தண்ணி கேக்குறியா, புடிச்சுக்கச் சொல்லுறியான்னு தெரியாம மரமா நிக்கவா? இவுக உள்ள வர முடியுமா? பிரசவ ரூமுக்குள்ள அப்பன் எங்கயாச்சும் வருவானா? வெளிய நின்னுக்கிட்டு யாருக்கு எடுத்துச் சொல்லுவாரு?"

அங்கே கையைப் பிடித்துக்கொண்டு நின்றாலே போதும் என்றாள் நித்யா. எல்லாருக்கும் எல்லாம் புரிந்தா நிற்கிறார்கள் என்றேன் நான். கோமதி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மோர்ச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டு போனால் எங்கள் வீட்டில் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மறுநாள் விமான நிலையத்தில் அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

இரண்டு வாரத்துக் குழந்தை

பிரசவம் நல்லபடியாக நடந்தது. பெண் குழந்தை. வலி வந்தபோது கையைப் பிடித்துக்கொண்டது மாப்பிள்ளை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு முன்மதியத்தில், மாப்பிள்ளை ஒரு வீடியோ அனுப்பினார். ஒரு வரியும் எழுதவில்லை. நித்யாவுக்குத் தெரியாமல் கதவோரத்தில் நின்று எடுத்திருக்கிறார். அங்கே அப்போதுதான் விடிந்திருக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் நித்யாவின் முகத்தில் நேராக விழுந்தது. கலைந்த தலை. மடியில் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கேட்டது. வழக்கம்போலத் திரும்பச் சொல்லக் கோமதியின் பக்கம் திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. டேப்லெட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருந்தாள். மகள் திரையில் சொல்லச் சொல்ல, இவள் வாய்விட்டுச் சொன்னாள், ஒரு சொல் பிந்தாமல்.

"அழுகாதடி... அம்மாச்சிக்கு அம்மா பேசுறது புரியலையாம்... ஒனக்காச்சும் புரியுதா?"

வீடியோ முடிந்தது. நித்யாவின் முகம் அப்படியே நின்றது, உதடு பாதி திறந்து.

"புரியுதுடி" என்றாள் கோமதி. "அம்புட்டும் புரியுது."

தெருவுக்கே கேட்கும் சத்தத்தில் சொன்னாள். அது வீடியோ அழைப்பு இல்லை. அந்தப் பக்கம் யாரும் இல்லை.